பழைய கம்ப்யூட்டருக்குப் பதிலா புதுசு வாங்க ஈஎம்ஐ போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸ் போட்டுப் பாருங்க

"வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. விண்டோஸ் 11 இதுல ஏறாதுன்னு சொல்லுது. நோ காஸ்ட் ஈஎம்ஐ-ல புதுசு எடுத்துடலாமா?"

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூணு வருஷம் ஆனவங்க கிட்ட இருந்து நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இது ஒண்ணு. கேட்கிறது லேப்டாப் பத்தின கேள்வி மாதிரி இருக்கும். ஆனா இது ஒரு மூலதனச் செலவை இப்பவே செய்யணுமா, இல்ல ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போட முடியுமாங்கிற கேள்வி. ஒரு சிஏ-வா என்னோட பதில்: பெரும்பாலான வீடுகள்ல தள்ளிப் போடலாம். அதுக்கான வழி, இருக்கிற விண்டோஸை அழிக்காம, அதே மெஷின்ல லினக்ஸையும் சேர்த்துப் போடுறது. டூயல் பூட்னு சொல்வாங்க. கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது "விண்டோஸா, லினக்ஸா"ன்னு ஒரு மெனு வரும். எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கலாம்.

இது உங்கள்ல சிலருக்குப் புதுசே இல்ல. தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த ஆரம்பகால இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்மள்ல பல பேர் அதை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, படம் பார்க்கிறதுக்காக விண்டோஸ் பக்கமே போயிட்டோம். அன்னிக்கு சும்மா கிடந்த அந்த ஏற்பாடுதான் இன்னிக்குப் பணத்தை மிச்சம் பண்ணப் போகுது.

முதல்ல பிரச்சனை என்னன்னு பார்ப்போம்

விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனா பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற மாதாந்திர அப்டேட் வராது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறை பிராசஸராவது இருக்கணும். உங்க மெஷின் எந்தத் தலைமுறைன்னு பிராசஸர் பேர்லயே தெரிஞ்சிடும். ஐ5-7200யூ-ன்னு இருந்தா கோட்டுக்கு அப்புறம் வர்ற 7 தான் தலைமுறை. ஐ3-6006யூ-ன்னா ஆறாவது. 2017 வாக்குல வாங்கின லேப்டாப்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குல மாட்டும்.

ஒரு இடைக்கால வழி இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன். தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு வருஷத்துக்கு, அதாவது 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் தர்றதா அறிவிச்சது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி, செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா இது இலவசம். இல்லன்னா 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்துல இதுக்கான பட்டன் தெரிஞ்சா முதல்ல அதை அழுத்துங்க. காசில்லாம கிடைக்கிற அவகாசத்தை விடக் கூடாது. ஆனா அது அவகாசம் மட்டும்தான், தீர்வு இல்ல.

"நான் பேங்க் வேலையெல்லாம் போன்லயே பண்ணிடுறேனே"ன்னு நீங்க சொல்லலாம். சரி. அப்பா எதுல நெட்பேங்கிங் பாக்கிறார்? உங்க ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், வீட்டு லோன் பேப்பர், ஆதார் ஸ்கேன் எல்லாம் எங்க கிடக்கு? பாஸ்வேர்டெல்லாம் எந்த பிரவுசர்ல சேவ் ஆகியிருக்கு? அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான். ஆர்பிஐ-யோட 2017 சுற்றறிக்கைப்படி, மூணாவது ஆள் பண்ண மோசடியை மூணு வேலை நாளுக்குள்ள பேங்குக்குச் சொன்னா உங்களுக்குப் பொறுப்பு கிடையாது. ஆனா வாடிக்கையாளரோட கவனக்குறைவுன்னு ஆச்சுன்னா, பேங்குக்குத் தகவல் சொல்ற நிமிஷம் வரைக்குமான நஷ்டம் நம்ம தலையிலதான்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ-யோட காஸ்ட்

இப்ப கணக்கு. 48,000 ரூபாய் லேப்டாப், 12 மாசம், மாசம் 4,000. கார்டு வட்டி வருஷத்துக்கு 16 சதவீதம்னு வெச்சுக்கங்க. பேங்க் கணக்குப்படி உங்க கடன் 44,086 ரூபாய், வட்டி 3,914 ரூபாய். அந்த வட்டி அளவுக்கு விலையில முன்னாடியே தள்ளுபடி கொடுக்கிறாங்க, அதனாலதான் "நோ காஸ்ட்". ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது 704 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 940 ரூபாய் கிட்ட கைய விட்டுப் போகுது. தவிர, ரொக்கமா வாங்கினா கிடைச்சிருக்கக் கூடிய டிஸ்கவுன்ட் போச்சு. கார்டு லிமிட்ல அந்தக் கடன் தொகை அடைபட்டிருக்கும், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பும்.

940 ரூபாய் பெரிய தொகை இல்லன்னு எனக்கும் தெரியும். என் கவலை அந்த 4,000. 35,000 சம்பளத்துல வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, பைக் டியூ போக மிச்சம் பிடிக்கிற பணமே அவ்வளவுதான் இருக்கும். அவசர நிதி சேர்க்க வேண்டிய வருஷத்துல அது முழுசும் லேப்டாப்புக்குப் போயிடுது. இன்னொண்ணும் சொல்லிடுறேன், அடிக்கடி கேட்கிறாங்க: சம்பள வருமானம் மட்டும் இருக்கிறவங்களுக்குச் சொந்த லேப்டாப் வாங்கினதுக்கு வருமான வரியில எந்தக் கழிவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க. அது பிசினஸ், தொழில் பண்றவங்களுக்கு.

லினக்ஸுக்கு விலை கிடையாது. நான் வீட்டு உபயோகத்துக்குச் சொல்றது லினக்ஸ் மின்ட். ஸ்டார்ட் மெனு, கீழே டாஸ்க்பார்னு விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும். வீட்டுல பெரியவங்க குழம்ப மாட்டாங்க. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தாப் போதும். அதுலயும் எக்ஸ்எஃப்சிஇ-ன்னு ஒரு லேசான பதிப்பு இருக்கு, 4 ஜிபி மெஷினுக்கு அதையே எடுங்க. 2 ஜிபி-லயும் ஏறும், ஆனா பிரவுசர்ல நாலு டேப் திறந்தா திணறும். ரேம் போடாம 2 ஜிபி மெஷின்ல இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.

செலவு பண்ற மாதிரி ஒரே ஒரு பொருள்தான் இருக்கு: எஸ்எஸ்டி. பழைய கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் பிராசஸர் இல்ல, உள்ள சுத்திக்கிட்டு இருக்கிற ஹார்ட் டிஸ்க். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போட்டாலே வித்தியாசம் தெரியும். விலை மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால எண் சொல்லல. நான் வெச்சிருக்கிற வரம்பு இதுதான்: எஸ்எஸ்டி, ரேம், கடைக்காரர் கூலி எல்லாம் சேர்த்து, அதே வேலைக்கு வாங்கக் கூடிய புது லேப்டாப் விலையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 48,000-க்கு 4,800. அதுக்கு மேல போச்சுன்னா பழைய மெஷின்ல காசு போடாதீங்க. பேட்டரி செத்து, கீல் உடைஞ்சு, கீபோர்டுல ரெண்டு எழுத்து வேலை செய்யாத லேப்டாப்புக்கு இந்தக் கட்டுரை இல்ல.

எந்த வேலை எந்தப் பக்கம்

இதைத் தெளிவாப் பிரிச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். இன்டர்நெட்டைத் தொடுற எல்லாமே லினக்ஸ்ல: நெட்பேங்கிங், டீமேட், மெயில், யூடியூப், கூகுள் மீட், வாட்ஸ்அப் வெப். இதெல்லாம் பிரவுசர்ல நடக்கிறது, பிரவுசருக்கு அடியில எந்த சிஸ்டம் இருக்குன்னு அதுக்குக் கவலை இல்ல. உங்க ஐடிஆர்-1 கூட போர்ட்டல்லயே ஆன்லைன்ல பண்ணிடலாம், விண்டோஸ் தேவையே இல்ல. வேர்டு, எக்செல் ஃபைல்களை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். பட்ஜெட் ஷீட், ரெஸ்யூமே, லெட்டர் அளவுக்குப் பிரச்சனை வராது. தமிழ் டைப்பிங்குக்குத் தமிழ்99, ஃபொனடிக் ரெண்டுமே சேர்த்துக்கலாம்.

விண்டோஸ் எதுக்கு வேணும்? டேலி. அது விண்டோஸ் சாஃப்ட்வேர். அப்பா கடைக் கணக்கு அதுல இருந்தா விண்டோஸ் இருந்தே ஆகணும். வருமான வரித் துறையோட எக்செல் யூட்டிலிட்டியும் அப்படித்தான். அதுல இருக்கிற மேக்ரோ லிப்ரே ஆஃபீஸ்ல ஒழுங்கா ஓடாது. டிஎஸ்சி டோக்கன் பயன்படுத்துறவங்க, ஆன்லைன் தேர்வுக்குக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட வேண்டியவங்க, போட்டோஷாப் வேலை பண்றவங்களுக்கும் விண்டோஸ் வேணும். பிரின்டரைப் பொறுத்தவரைக்கும் ஹெச்பி பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். நம்ம ஊர் கடைகள்ல, ஆடிட்டர் ஆபீஸ்கள்ல நிறையப் பார்க்கிற கேனன் எல்பிபி 2900 லினக்ஸ்ல படுத்தி எடுக்கும். அந்த பிரின்டர் வெச்சிருந்தா, பிரின்ட் எடுக்க மட்டும் விண்டோஸுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிக்கங்க. அதோட மல்லுக்கட்டி ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

அதாவது, விண்டோஸை ஒரு பழைய பீரோ மாதிரி வெச்சுக்கிறீங்க. உள்ள இருக்கிறது வேணும்னா திறக்கிறது, எடுக்கிறது, மூடுறது. இலவச அப்டேட் காலமும் முடிஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் வைஃபை-யைக் கூட கனெக்ட் பண்ண வேண்டாம்.

ஆபீஸ் லேப்டாப்ல இதைச் செய்யவே கூடாது. அது உங்க சொத்து இல்ல, கம்பெனி சொத்து. டிஸ்க்கைப் பிரிச்சாலே ஐடி பாலிசி மீறல் ஆகலாம். சொந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் பண்ண கடைசித் தேதிக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீங்க. வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர், நாளைக்கு இன்டர்வியூன்னா அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

பேக்கப்: இந்த வேலையில உண்மையான ரிஸ்க்

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்ல வேலையில இருக்கிறவன், ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இன்ஸ்டால் பண்ணினான். "எரேஸ் டிஸ்க்"னு இருந்த ஆப்ஷனை, பென் டிரைவை அழிக்கிறதுக்குக் கேட்குதுன்னு நினைச்சு அழுத்திட்டான். அழிஞ்சது ஹார்ட் டிஸ்க். தங்கச்சி கல்யாண போட்டோ, அப்பாவோட ஆறு வருஷ டேலி டேட்டா எல்லாம் போச்சு. டேட்டா ரெகவரி கடையில கேட்ட பணத்துக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கியிருக்கலாம். பணம் கொடுத்தும் போட்டோ பாதிதான் வந்தது.

அதனால பேக்கப் எடுக்காம ஒரு கிளிக் கூட வேண்டாம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இல்லன்னா நண்பர் கிட்ட ஒரு வாரத்துக்குக் கடன் வாங்குங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ ஃபோல்டர் எல்லாரும் எடுப்பாங்க. மறக்கிறது வேற: டேலி டேட்டா ஃபோல்டர், பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டு, அம்மா போன்ல இருந்து என்னிக்கோ காப்பி பண்ணி டி டிரைவ்ல போட்ட வீடியோக்கள். காப்பி பண்ணதும் வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி, பத்து ஃபைலையாவது திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்னு ஒத்துக்க மாட்டேன். ஆடிட்டர் புத்தி.

அடுத்து பிட்லாக்கர். செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கிற 48 இலக்க ரெகவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு, என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணுங்க. அது முழுசா முடியிற வரைக்கும் காத்திருங்க. கீ கைல இல்லாம பூட் செட்டிங்கை மாத்தினா, விண்டோஸ் திறக்காம நீல ஸ்க்ரீன்ல கீ கேட்டுக்கிட்டு நிக்கும்.

இருக்கிறதுலயே பத்திரமான வழி: தனி டிஸ்க்

ஒரே டிஸ்க்கைப் பிரிச்சு ரெண்டு சிஸ்டம் போடுறதுதான் எல்லா வீடியோவுலயும் காட்டுவாங்க. அதையும் சொல்றேன். ஆனா எஸ்எஸ்டி வாங்குற மாதிரி இருந்தா, அதை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. புது எஸ்எஸ்டி-ல லினக்ஸ், பழைய ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் அப்படியே.

டெஸ்க்டாப்னா ரொம்ப சுலபம். ஒரு சாட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், எஸ்எஸ்டி-யைக் கேபினெட்டுக்குள்ள மாட்டுங்க. லினக்ஸ் போடுற நேரத்துக்கு மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வெச்சுடுங்க. கனெக்ஷனே இல்லாத டிஸ்க்கை எந்த பட்டனை அழுத்தினாலும் அழிக்க முடியாது! முடிஞ்சதும் திரும்ப மாட்டிட்டு, ஆன் பண்ணும்போது பூட் மெனுவுல எந்த டிஸ்க்குன்னு தேர்ந்தெடுத்துக்கலாம்.

பழைய லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருக்கும், நீங்க அதைத் திறந்து வருஷக்கணக்குல ஆயிருக்கும். அதைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஒரு கேடி போட்டு ரெண்டாவது டிஸ்க் மாட்டலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர்னு ரெண்டு தடிமன்ல வரும். டிவிடி டிரைவை அளந்துட்டு வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க டிரைவையே கைல எடுத்துட்டுப் போயிடுங்க, அளவுச் சண்டையே வராது. எஸ்எஸ்டி-யை மெயின் இடத்துலயும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலயும் வைக்கலாம். சில மாடல்கள்ல கேடியில இருக்கிற டிஸ்க்ல இருந்து விண்டோஸ் பூட் ஆகாது. அப்படி ஆனா ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பார்க்கணும். பழக்கம் இல்லாதவங்க இந்தக் கழட்டி மாட்டுற வேலைக்கு மட்டும் கடைக்காரருக்குக் கூலி கொடுத்துடுங்க.

ஒரே டிஸ்க்ல போடுறதுன்னா

முதல்ல விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணணும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்ல பவர் பட்டனுக்கான செட்டிங்ல இருக்கும். இது ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா மூடாம அரைத் தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவுக்குள்ள எதையும் எழுத முடியாது.

அப்புறம் இடம் ஒதுக்குறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி, ஷ்ரிங்க் வால்யூம். குறைஞ்சது 60 ஜிபி கொடுங்க, அங்க 61440-ன்னு எம்பி கணக்குல அடிக்கணும். முடிஞ்சதும் கறுப்புப் பட்டையோட காலி இடம் தெரியும். அதை அப்படியே விட்டுடுங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க. 100 ஜிபி காலியா இருந்தும் 8 ஜிபி-தான் சுருக்க முடியும்னு சிலருக்குக் காட்டும். நகர்த்த முடியாத சிஸ்டம் ஃபைல்கள் நடுவுல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் தற்காலிகமா ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

ரொம்பப் பழைய மெஷின்கள்ல இன்னொரு சிக்கல் உண்டு. சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பயாஸ் மோடுன்னு ஒரு வரி இருக்கும். அதுல லெகசி-ன்னு இருந்தா டிஸ்க் பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறை, நாலு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல விடாது. கம்பெனி கொடுத்த ரெகவரி பார்ட்டிஷனையும் சேர்த்து ஏற்கனவே நாலு நிரம்பியிருந்தா, "டைனமிக் டிஸ்க்கா மாத்தட்டுமா"ன்னு விண்டோஸ் கேட்கும். நோ சொல்லிட்டு வெளிய வந்துடுங்க. அந்த மெஷினுக்குத் தனி டிஸ்க் வழிதான் சரி.

பென் டிரைவ் 8 ஜிபி போதும், அதுல இருக்கிறது எல்லாம் அழியும். லினக்ஸ் மின்ட் தளத்துல இருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் வழியா பென் டிரைவ்ல ஏத்துங்க. பயாஸ் மோடு யுஇஎஃப்ஐ-ன்னா ரூஃபஸ்ல ஜிபிடி, லெகசி-ன்னா எம்பிஆர். கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறுற ஒரு கீயைத் தட்டினா பூட் மெனு வரும். அதுல பென் டிரைவைத் தேர்ந்தெடுங்க.

இப்ப வர்றது லைவ் மோடு. எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் பென் டிரைவ்ல இருந்து ஓடும். இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க. வைஃபை, சவுண்ட், டச்பேட், கேமரா, மூடித் திறந்தா எழுந்துக்குதா எல்லாம் பாருங்க. உங்க பேங்க் சைட்டைத் திறந்து பாருங்க. அப்பா, அம்மாவையும் உட்கார வெச்சுப் பழகச் சொல்லுங்க. பென் டிரைவ்ல இருந்து ஓடுறதால ஸ்லோவாத்தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. வைஃபை வரலன்னா பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி-ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க, இன்டர்நெட் வந்துடும். பிராட்காம் மாதிரி சில சிப்களுக்கு, இன்ஸ்டால் பண்ணதுக்கு அப்புறம் டிரைவர் மேனேஜர் வழியா டிரைவர் போட்டுக்கலாம்.

பிடிச்சிருந்தா இன்ஸ்டால். கேட்கிற கேள்விகள்ல முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான். "இன்ஸ்டால் அலாங்சைட்"னு தொடங்கி விண்டோஸ் பேரைச் சொல்ற ஆப்ஷன் வரணும். அதைத் தேர்ந்தெடுங்க. அடுத்ததா வர்ற ஸ்க்ரீன்ல எந்தெந்தப் பார்ட்டிஷன் மாறப் போகுதுன்னு காட்டும், அதைச் செக்குல கையெழுத்துப் போடுற மாதிரி படிங்க. அந்த ஆப்ஷன் வரவே இல்லன்னா வெளிய வந்துடுங்க. பென் டிரைவும் விண்டோஸும் வேற வேற பயாஸ் மோடுல பூட் ஆகியிருக்கலாம், இல்லன்னா டிஸ்க் ரெய்டு செட்டிங்ல இருக்கலாம். "சம்திங் எல்ஸ்"க்குள்ள போய் யூகத்துல பார்ட்டிஷன் போடாதீங்க. "எரேஸ் டிஸ்க்" பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன்.

ஏரியா கேட்டா வரைபடத்துல கொல்கத்தா. நம்ம எல்லாருக்கும் அதுதான்.

முதல் மாசம்

விண்டோஸுக்குள்ள போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். மெஷின் கெட்டுப் போகல. மதர்போர்டுல இருக்கிற கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரம்னு படிக்குது, லினக்ஸ் உலகப் பொது நேரம்னு எழுதி வைக்குது. வித்தியாசம் சரியா 5:30. லினக்ஸ்ல ஒரு வரி கமாண்டுல சரி பண்ணிடலாம், வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். டேலியில என்ட்ரி போடுறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிடுங்க.

ரெண்டு பக்கமும் வேணுங்கிற ஃபைல்களை டி டிரைவ்ல வைங்க. விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்கும், எழுதும். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸ் தானா படிக்காது. ஆனா விண்டோஸ் பக்கம் ரான்சம்வேர் வந்தா அந்த டி டிரைவும் சேர்ந்துதான் போகும், அதனால எக்ஸ்டர்னல் பேக்கப் மாசம் ஒரு தடவை எடுத்தே ஆகணும். மின்ட்ல டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு இருக்கும். அது சிஸ்டத்தைத்தான் பழைய நிலைக்குக் கொண்டு வரும், உங்க போட்டோவைக் காப்பாத்தாது.

லினக்ஸ் போட்டாச்சு, இனி மோசடி நடக்காதுன்னு வீட்டுல யாரும் நினைச்சுடக் கூடாது. போலி பேங்க் பக்கத்துல பாஸ்வேர்டு அடிச்சா லினக்ஸும் தடுக்காது, போன்ல கேட்டவனுக்கு ஓடிபி சொன்னா எந்த சிஸ்டமும் தடுக்காது. அப்படி எதாவது நடந்தா உடனே 1930-க்குக் கூப்பிடணும்னு ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டி வைங்க.

கத்துக்க ஆசை இருந்தா, கணியம் தளத்துல லினக்ஸ் பத்தித் தமிழ்லயே இலவச மின்னூல்கள் இருக்கு. வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு தூரம் போகணும்னு அவசியம் இல்ல.

பிடிக்கலன்னா திரும்பிடலாம், ஆனா வரிசை முக்கியம். நேரா விண்டோஸுக்குள்ள போய் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் பண்ணிட்டா, அடுத்த தடவை ஆன் பண்ணும்போது கறுப்பு ஸ்க்ரீன்ல எழுத்து மட்டும் வந்து நிக்க வாய்ப்பு இருக்கு. ஏன்னா அந்த ஆரம்ப மெனுவே லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளதான் இருக்கு. யுஇஎஃப்ஐ மெஷின்னா முதல்ல பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை மேல கொண்டு வாங்க. லெகசி-ன்னா விண்டோஸ் ரிப்பேர் பென் டிரைவ் வழியா பூட்டைச் சரி பண்ணுங்க. விண்டோஸ் தனியா ஆன் ஆகுதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு, அப்புறம் டெலீட். தனி டிஸ்க்ல போட்டிருந்தா இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. எஸ்எஸ்டி-யைக் கழட்டிடலாம், புது லேப்டாப் வாங்குற அன்னிக்கு யூஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப் டிஸ்க்கா வெச்சுக்கலாம்.

உங்க மெஷினோட மாடல், ரேம், பயாஸ் மோடு மூணையும் கமென்ட்ல போடுங்க. காசு போடலாமா, விட்டுடலாமான்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா பார்த்துச் சொல்றேன்.